தெருவே சிவந்த டிசம்பர்

டிசம்பர் பிறந்தால் பாலக்கரையில் எங்கள் தெரு முழுக்க மூங்கில் கம்பங்களில் விளக்கு வைத்த காகித நட்சத்திரம் ஏறிவிடும். கணக்கு டீச்சர் லூர்துராணி வீட்டு மொட்டைமாடி மட்டும் இருட்டாகக் கிடக்கும். "நட்சத்திரம் பாக்குறவங்க வீட்டுல நட்சத்திரம் இல்ல பாருங்க" என்று எதிர்வீட்டு இருதயநாதன் கேலி செய்வார். தெருவிலேயே பெரிய நட்சத்திரம் அவருடையது. வாயும் அப்படித்தான்.

டீச்சர் மாடியிலிருந்து வானத்தைப் பார்த்தது வேடிக்கைக்கு இல்லை. சில நட்சத்திரங்கள் மங்கும், பிறகு பிரகாசமாகும். பக்கத்தில் மாறாமல் நிற்கும் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று கணித்து வெளிநாட்டுச் சங்கம் ஒன்றுக்கு அனுப்புவார். அவற்றில் மீரா என்கிற நட்சத்திரம்தான் அவருடைய செல்லம். மாதக்கணக்கில் வெறுங்கண்ணுக்கே தெரியாமல் கிடந்துவிட்டு மெல்ல ஏறிவரும். ஐம்பத்தாறு டிசம்பரில் அது ஏறிவந்த நேரம் பார்த்துத் தெருவே ஜொலித்தது. கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. கீழே வந்து அழுதுவிட்டாராம். அவர் தங்கை அமலராணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஐம்பத்தேழிலும் மீரா கிறிஸ்துமஸை ஒட்டியே ஏறியது. டீச்சர் வீடு வீடாகச் சிவப்புக் காகிதத்தோடு வந்தார்.

"செவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகின கண்ணைக் கெடுக்காதுங்க. உங்க நட்சத்திரத்து மேல இதை ஒட்டிட்டா போதும்."

எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு வரவைத்த புண்ணியவதிக்கு யார் மாட்டேன் என்பது? இருதயநாதன்கூட முனகிக்கொண்டே ஒட்டினார்.

அங்கேதான் வம்பு வந்தது. கேரளத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த வருஷம் அது. சிவப்பு நட்சத்திரம் என்றால் கட்சிதான் என்று பங்குச் சாமியார் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். மறுநாள் பொழுது சாய்ந்ததும் சாமியார் டார்ச்சோடு டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, தெருவோட கட்சியில சேந்துட்டீங்களா? எல்லாத்தையும் வெள்ளையா மாத்துங்க."

டீச்சர் முகம் செத்துவிட்டது. இந்த வருஷமும் போச்சா என்று எங்களுக்கே பாவமாக இருந்தது.

"சாமி, ஒரு தடவ மாடிக்கு வந்து பாருங்க. அப்புறம் நீங்க சொன்னபடி செய்றோம்."

மாடி ஏறியதும் முதல் காரியமாக டீச்சர் டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டார். சாமியார் கையிலிருந்தே!

"கண்ணு இருட்டுக்குப் பழகணும் சாமி. ஒரு ஜெபமாலை சொல்லி முடிச்சா சரியா இருக்கும்."

எல்லோருமாகச் சொல்லி முடித்தோம். டீச்சர் பைனாகுலரைக் கொடுத்து, உச்சிக்குச் சற்றுத் தெற்கே காட்டினார். சாமியார் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"இதுவும் செவப்பால்ல இருக்கு!"

"அதோட நெறமே அதான் சாமி."

சாமியார் சிரித்துவிட்டார். "சர்வேசுரனே செவப்பா வச்சிருக்காரு. வெள்ளையடிக்க நான் யாரும்மா?"

அந்த வருஷம் மீரா உச்சத்துக்குப் போகும்வரை டீச்சர் ஒரு மாலையும் விடாமல் பார்த்தார். அப்புறம் அதன் காலம் வருஷத்துக்கு ஒரு மாதம்போல முன்னால் நகர்ந்து, டிசம்பரை விட்டே போய்விட்டது. சிவப்புக் காகிதம் இனி வேண்டாம் என்று டீச்சரும் சொல்லிப் பார்த்தார். தெரு கேட்கவில்லை.

"அவங்க வீட்டு நட்சத்திரம் என்ன நெறமோ அதுதாங்க எங்களுக்கும்" என்றார் இருதயநாதன்.