கசெட்டின் மிச்சம்

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, சனிக்கிழமை. புத்தாண்டு விடுமுறை முடிந்து பாடசாலை இன்னும் திறக்கவில்லை. அம்மா விடிந்ததும் தேத்தண்ணீர் வைத்தார். அப்பா ரேடியோவில் செய்தி கேட்டபடி சவரம் செய்துவிட்டு, அரை நாள் வேலைக்காக மாத்தளைத் தபால் கந்தோருக்கு பஸ் ஏறினார். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அந்த வாரத்துச் சேலைகளைத் துவைத்துக் கொடியில் போட்டார். நான் தம்பியைக் குளிப்பாட்டினேன். எனக்கு வயது பத்து.

வழக்கத்துக்கு மாறாக நடந்தது ஒன்றுதான். மத்தியானம் எங்கள் ஊர், பலாபத்வலைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிய அப்பாவின் கையில், துவாயால் சுற்றிய வீடியோ டெக் இருந்தது. டவுனில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது. கசெட் எடுக்கவில்லை. அது முன்பே வீட்டில் இருந்தது. மாப்பிள்ளை அனுப்பியது.

மாப்பிள்ளை என்று அப்போதே சொல்லத் தொடங்கிவிட்டோம். சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் அவருக்கு வேலை. அப்பாவின் சிநேகிதர் கொண்டுவந்த சம்பந்தம். அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம் என்று முடிவாகி, ரத்தோட்டைச் சொந்தக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. அத்தைக்கு முப்பத்திரண்டு வயது. முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அப்பாவோடு பேசி, அம்மாவின் பலகாரத்தைச் சாப்பிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள். இவர் மட்டும்தான் அத்தையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். உங்களுக்குப் பிடித்த படம் எது? அத்தை ஒரு பழைய படத்தின் பெயரைச் சொல்லி, கொட்டகையில் கரண்ட் போனதால் அதன் முடிவை மட்டும் பார்க்கவில்லை என்றார். இரண்டாவது வாரத்தில் அந்தப் படம் வந்து சேர்ந்தது. ஹோட்டலில் இரண்டு டெக் இருந்ததாம், அவரே பதிந்து அனுப்பியிருந்தார். அத்தை அதைத் தன் அலமாரியில், மடித்த சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தார்.

சினிமா விஷயத்தில் வீட்டில் என் பேச்சுக்குத்தான் மதிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன படத்தில் செத்தவர் இந்தப் படத்தில் எப்படி வந்தார் என்று தம்பி கேட்டால் விளக்கம் சொல்வது நான்தான். ஒரே முகத்தோடு இரண்டு பேர் வந்தால் அவர்கள் இரட்டைப் பிள்ளைகள், சின்னதில் திருவிழாக் கூட்டத்தில் பிரிந்துபோனவர்கள். அடுத்த வீட்டிலிருந்து சிங்களச் சித்திரக் கதைப் பத்திரிகை வரும். பக்கத்துக்கு ஒரு கதை, வாரத்துக்கு ஒரு பக்கம். ஒரு வாரம் பத்திரிகை வராவிட்டால் அந்த வாரம் நடந்ததை நானே உண்டாக்கித் தம்பிக்குச் சொல்லிவிடுவேன். மறுவாரம் கதை வேறு பக்கம் போயிருந்தால், பிழை பத்திரிகையுடையது என்பேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஜன்னல்களுக்குச் சேலை கட்டி, படம் போட்டோம். அடுத்த வீட்டு அம்மாளும் புத்தாண்டுக்குச் சுட்ட கொக்கிஸ் பலகாரத்தில் மிஞ்சியதை ஒரு தட்டில் கொண்டு வந்தார். அவர் சிங்களவர். அவரை நாங்கள் அவர்கள் முறைப்படி நந்தா, அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். தமிழ்ப் படத்தில் அழ வேண்டிய இடம் எல்லாம் அவருக்கு எங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

அத்தை பார்க்காமல் விட்ட முடிவு அவ்வளவு நல்ல முடிவு அல்ல. கதாநாயகி ரயிலில் போய்விட, கதாநாயகன் நின்றுகொண்டிருந்தான். அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். படம் முடிந்த பிறகும் டெக்கை யாரும் நிறுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் நிறுத்த மாட்டார்கள். கசெட்டின் மிச்சத்தில் வேறு படத்துப் பாட்டு ஏதாவது இருக்கும். வாடகை டெக்கில் அதையும் பார்த்துவிட வேண்டும்.

திரையில் கொஞ்ச நேரம் புள்ளிகள் பொரிந்தன. பிறகு மேளச் சத்தம் வந்தது. ஒரு கல்யாண மண்டபம், பந்தியில் சாப்பிடுகிறவர்கள், கெமராவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிற ஒரு கிழவர். மணவறையில் மாலையோடு எங்கள் மாப்பிள்ளை. பக்கத்தில் பட்டுச்சேலையில் மெலிந்த ஒரு பெண். திரையின் மூலையில் ஒரு திகதி ஒளிர்ந்தது. மூன்று வருடத்துக்கு முந்தையது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவர் படத்திலும் நடித்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தேன். நந்தா உற்றுப் பார்த்தார்.

“இது நம்ம மாப்ள மாத்தயாதானே?”

நந்தா ஒருமுறை அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனார். நாலு மணிக்கு யார் சோறு வைப்பார்கள் என்று நான் கேட்டதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினார்.

அப்பாவும் அம்மாவும் குசினிக்குப் போனார்கள். நானும் அடுப்படி வாசற்படியில் போய் நின்றேன். அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. முதல் கல்யாணமா என்று சிநேகிதரிடம் கேட்டீர்களா என்றார். அப்படி யாராவது கேட்பார்களா என்றார் அப்பா. அம்மா விடவில்லை.

“கத்தரிக்கா வாங்கினாலும் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாக்குறீங்க.”

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைப் பார்த்தார். இதை நிறுத்தினால் அவளுக்கு இனி யார் வருவான் என்றார். பிறகு, நந்தா வெளியே சொல்லக்கூடிய ஆள் அல்ல, நாமும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டால் என்ன என்றார். எல்லோரும் இவ்வளவு குழம்பியிருக்கும்போது, காரணம் தெரிந்த நான் சும்மா இருப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

“அப்பா, அது அவரா இருக்காது. அவரோட ரெட்டையா இருக்கும்.”

அம்மா என்னை வெளியே போகச் சொன்னார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் அதையும் யோசித்துப் பார்த்தார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

நான் அறைக்குத் திரும்பியபோது அத்தை டீவிக்கு முன்னால் முழங்காலிட்டு, கசெட்டைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வரும் இடத்தை ஓடவிட்டார். அந்தப் பெண் வரும் இடத்தில் நிறுத்தினார். நிறுத்தினால் படம் நடுங்கியது. அந்தப் பெண் குனிந்து, யாருக்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தபடி நின்றாள். அதற்கு முன்னால் அந்தக் கசெட்டில் இருந்த கல்யாணமெல்லாம், தாலி கட்டியது உட்பட, மேலே பதிந்த, அத்தை கேட்ட படத்துக்கு அடியில் அழிந்து போயிருந்தது.

“இவ இப்ப எங்க இருப்பான்னு நெனைக்கிற?” என்று என்னிடம் கேட்டார். நடிகைகள் எல்லாரும் மெட்ராஸில் இருப்பார்கள் என்றேன். அத்தை தலையாட்டினார்.

அப்பா வந்து கதவருகில் நின்றார். சிநேகிதர் மூலம் மெதுவாக விசாரிக்கலாம், அதுவரை மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்றார். பழையது பழையதாகப் போகட்டும், ஆள் நல்லவராகத்தான் தெரிகிறார் என்றார். அத்தை திரும்பாமலே பேசினார்.

“கட்டினது இருக்கட்டும்ண்ணே. நான் கேட்ட படம் இது. எனக்காகத்தான் அந்தப் பொண்ண அழிச்சிருக்காரு.”

வேறு கசெட் கிடைத்திருக்காது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அத்தை டெக்கை அணைத்துவிட்டு, கொடியில் காய்ந்த சேலைகளை எடுக்கப் போனார்.

நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. அவருடைய முதல் மனைவி இறந்தாளா, பிரிந்தாளா என்பதும் எங்கள் வீட்டில் பேசப்படவில்லை. வளர்ந்த பின் இரண்டு முறை அத்தையிடம் கேட்டேன். அவரிடம் தான் கேட்க வேண்டியதைக் கேட்டதாகவும், சொல்ல வேண்டியதை அவரும் சொன்னதாகவும் சொன்னதற்கு மேல் அத்தை போகவில்லை. மாப்பிள்ளை கசெட்டின் மிச்சத்தை அழிக்க மறந்தாரா, அல்லது வாயால் சொல்ல முடியாததை அத்தை பார்க்கட்டும் என்று விட்டுவைத்தாரா என்று இந்த வயதிலும் யோசிக்கிறேன். ஒரு நாள் ஒன்று சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றது.

படம் பார்த்த மறுநாள் ஞாயிறு. காலையில் முதல் வேலையாக அத்தை கசெட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு, பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகும்போது உடுத்தும் சேலையோடு வெளியே வந்தார். அப்பா தடுக்கவில்லை, கூடப் போகவும் இல்லை. சீகிரியாவுக்குப் போக ஏற வேண்டிய தம்புள்ளை பஸ்ஸுக்கு நான்தான் சந்திவரை துணைக்குப் போனேன். இரவல் வாங்கியதை உடனே திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம், அதற்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். பஸ் வந்து நின்றதும், போனது போகட்டும் என்று, அடுத்த முறை சண்டைப் படமாக ஒன்று பதிந்து தரச் சொல்லுங்கள் என்றேன்.

சரி, கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு அத்தை ஏறினார்.