ராக்கம்மாளின் வாய்

காசிராஜனின் கடலைக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தபோது ராக்கம்மாளுக்கு இருபத்தாறு வயது. இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் மொக்கையன் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்.

அருப்புக்கோட்டையில் அது அறுபதாம் வருஷம். முப்பத்தைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து கடலை உடைப்பார்கள். கட்டைவிரலால் கடலையின் மூக்கில் ஒரு அழுத்து. பருப்பு அடிபடாமல் வந்து விழும். கூலி படிக்கணக்கு. அது போக, உடைத்த தொலியைச் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ராக்கம்மாள் வீட்டு அடுப்பு அந்தத் தொலியில்தான் எரிந்தது.

சாயங்காலம் கணக்குப்பிள்ளை இன்பராஜ் வாசலில் நிற்பார். ஒவ்வொருத்தியும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். பல்லிடுக்கில் பருப்புத் துணுக்கு தெரிந்தால் அன்றைக்குத் தொலி கிடையாது. முதலாளி காசிராஜன் பங்குனித் திருவிழாவில் ஊருக்கே நீர்மோர் ஊற்றுகிற தர்மவான். அவர் உத்தரவில்தான் இந்தச் சோதனையும். பெரிய மனுஷன் என்றால் நாலையும் கவனிக்க வேண்டும் அல்லவா?

அறுபத்தேழு தை மாதம் மிஷின் வந்தது. கரண்டில் ஓடும் உடைப்பு மிஷின். முப்பத்தைந்து பேரின் ஒரு நாள் வேலையை மதியத்துக்குள் முடித்துவிடும் என்றார்கள். அதற்குச் சந்தனமென்ன, மாலையென்ன, கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பூ போட்டிருக்க மாட்டார்கள். குலவை போடாமல் ஓட்டினால் விளங்காது என்று முதலாளியம்மா தங்கம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். குலவைக்கு ஆள் தேடி எங்கே போவது? கடலை உடைக்கிற பெண்களையே வரிசையாக நிறுத்தினார்கள்.

ராக்கம்மாளின் குலவை மூன்று தெருவுக்குக் கேட்கும். அடிவயிற்றிலிருந்து எடுத்து நாக்கைச் சுழற்றினாள். மிஷின் ஓடியது. எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்.

“இனிமே ஒங்களுக்குக் கஷ்டமில்ல. வெரலு தேய வேண்டாம்” என்றார் காசிராஜன்.

மறுநாள் போனால் கேட் சாத்தியிருந்தது. கூட்டவும் அள்ளவும் ஐந்து பேரை மட்டும் உள்ளே விட்டார்கள். அதில் ராக்கம்மாள் இல்லை. தொலி லோடு லோடாகச் செங்கல் சூளைக்குப் போனது. ராக்கம்மாள் கருவேல முள் வெட்டித் தலைச்சுமையாக விற்றாள். தன் வேலைக்குத் தானே குலவை போட்டு வழியனுப்பியதை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“பொங்கல வேற வழிச்சு நக்கினோம், வெக்கங்கெட்ட செறுக்கிக” என்பாள், கூட முள் வெட்டும் பேச்சியிடம். பேச்சியும் அன்றைக்கு நக்கியவள்தான்.

அந்த ஆடியில் காசிராஜன் மிஷினில் உடைத்த கடலையையே விதைக்கும் விற்றார். பரளச்சி ஊர்ச் சம்சாரிகள் வாங்கிப் போய்த் தங்கள் காட்டில் விதைத்தார்கள். மிஷின் பல் பட்டுத் தோல் உரிந்த பருப்பு முளைக்குமா? மண்ணுக்குள்ளேயே அழுகிப் போயிற்று. தவசி என்கிற சம்சாரி அழுகின விதையைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்து காசிராஜனின் மேஜையில் கொட்டிவிட்டுப் போனார். கடலை உடைக்கிற எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். அவர்களிடம் போய் யோசனை கேட்பதா?

அடுத்த ஆடிக்கு முன்னால் இன்பராஜ் ராக்கம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மொதலாளி ஒன்னயக் கூட்டியாரச் சொன்னாக. வெதக்கடல ஒடைக்கணும். பத்துப் பேரு போதும்.”

“ஏன், மிஷினுக்கு மேலுக்குச் சொகமில்லையா?” என்றாள்.

தொலியைத் தருவதானால் வருகிறேன் என்றாள். தந்தார்கள். அதிலிருந்து வருஷத்துக்கு இருபது நாள் வேலை. ஐப்பசி அடைமழைக்கு அந்தத் தொலிதான் காய்ந்த விறகு என்பதால் அவள் அந்த இருபது நாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாய்ச் சோதனையை மட்டும் அவர்கள் விடவில்லை. விதைப்பருப்பு விலை கூடியதாம், அதனால் நாக்கையும் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். இதற்குள் காசிராஜன் மாடி கட்டினார், மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அத்தனைக்கும் ராக்கம்மாளின் குலவை ராசிதான் காரணம் என்று தங்கம்மாள் போகிற இடமெல்லாம் சொன்னாள். ராசிக்காரி முள் சுமந்துகொண்டு அதே தெரு வழியாகத்தான் போவாள், வருவாள்.

எழுபத்தைந்தில் புது மிஷின் இறங்கியது. உள்ளே ரப்பர் வைத்தது, பருப்பில் கீறல் விழாது என்று பேண்ட் போட்ட ஒருவன் சொன்னான். மறுபடியும் மாலை, சந்தனம். “ஏத்தா ராக்கு, நீதான் தொடங்கி வைக்கணும்” என்று தங்கம்மாள் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். மற்ற ஒன்பது பேரும் பின்னால் நின்றார்கள்.

“வெதக்கடலைக்கும் இனிமே இதானா மொதலாளி?” என்று கேட்டாள் ராக்கம்மாள்.

“ஆமா. அந்தக் கஷ்டமும் இனி ஒனக்கு வேண்டாம்.”

ராக்கம்மாள் வாயைத் திறந்தாள். குலவை வரப்போகிறது என்று தங்கம்மாள் கையைக் கூப்பினாள். சத்தம் வரவில்லை. திறந்த வாயோடு ராக்கம்மாள் நேரே இன்பராஜிடம் போய், நாக்கையும் தூக்கிக் காட்டினாள்.

“நல்லாப் பாத்துக்கங்க. ஒண்ணுமில்ல.” பிறகு காசிராஜன் பக்கம் திரும்பினாள். “பதினஞ்சு வருசமாத் தொறந்து காட்டின வாயி மொதலாளி, அசந்து போச்சு. குலவைக்கும் ஒரு மிஷின் வாங்கிப் போட்ருங்க.”

பின்னால் நின்ற ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தங்கம்மாள் தானே முயன்று பார்த்தாள், இருமல்தான் வந்தது. மிஷின் குலவை இல்லாமலே ஓடியது, நன்றாகவே ஓடியது.

ஆடியில் ராக்கம்மாளைக் கூப்பிட ஆள் வரவில்லை. ஐப்பசி மழையில் அவள் ஈர முள்ளை ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தபோது பேச்சி வந்தாள்.

“அன்னைக்கு ஒரு கொலவயப் போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?”

“போட்டா மட்டும் கூப்பிட்டிருப்பாகளா?” என்று கேட்டுவிட்டு, ராக்கம்மாள் மறுபடி அடுப்பை ஊதினாள்.