ஒரே காலையில் மூன்று ஊசி

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது என் கடைசி மகனுடைய பெண். அவளுக்கு இரண்டு வயதாகும்போதே தாய் போய்விட்டாள். அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான்தான். ஐந்து பேரில் ஒருவரையும் அடுத்தவர் வீட்டுச் சோற்றுக்கு நிற்க விட்டதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எண்கள் நன்றாகத் தெரியும். எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், பாதி வரிக்குள் களைத்துவிடும். ஆகையால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

கடைசி மகன் போன ஐப்பசியில் இறந்தான். சுரங்கத்துக்குப் போகிற ஷிப்ட் பஸ்ஸுக்காக நின்றவன் அப்படியே கீழே உட்கார்ந்தானாம். மாரடைப்பு என்றார்கள். இருபத்திரண்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒதுக்கிய பழைய குவார்ட்டர்ஸ் ஒன்று அவனுக்குக் கிடைத்திருந்தது. அதில்தான் நானும் பேத்தியும் இருக்கிறோம். இன்னும் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.

அவன் போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. பசிப்பதில்லை, ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். காபி சூடா, ஆறினதா என்று வாயில் வைத்தாலும் தெரிவதில்லை. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாள், "அழுதுடுங்க, நெஞ்சு லேசாவும்" என்றாள். வந்தால் அழ மாட்டேனா? வரவில்லை.

எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி முதலில் கேட்கிற கேள்வி, பர்மனென்டா கான்ட்ராக்டா என்பதுதான். பெண் கொடுக்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் இதைக் கேட்பார்கள். நான் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவள். வார்டிலிருந்து சீட்டுகளை எடுத்துக்கொண்டு ரத்தம் எடுக்கிற இடம், எக்ஸ்ரே, மருந்து ஜன்னல் என்று நடப்பேன். நோயாளிகளையும் கூட்டிப்போவேன். நான் பர்மனென்ட் ஆகவில்லை. மகனும் ஆகவில்லை. பேத்தி கம்ப்யூட்டர் படித்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு முன்னறையில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறாள். அவளும் கான்ட்ராக்ட்தான். கம்ப்யூட்டரிலும் கான்ட்ராக்ட் உண்டு என்பது அவள் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அப்பாவின் காரியம் முடிந்து அவள் திரும்ப வேலையில் உட்கார்ந்தபோது, மேனேஜர் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். அதைச் சரியாக முடித்தால் அடுத்த ரிவ்யூவில் பர்மனென்ட்டுக்கு எழுதுகிறேன் என்று சொன்னார். மூன்று மாதம். அவள் அதை என்னிடம் சொன்ன விதமே வேறாக இருந்தது. அப்பாவின் படத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

அந்த வேலை என்னவென்று கேட்டேன். அவர்கள் கம்பெனி ஒரு ஆப் நடத்துகிறது. ரத்தப் பரிசோதனை வேண்டியவர்கள் அதில் பதிந்தால், லேபிலிருந்து வீட்டுக்கே ஆள் வரும். பதினொரு லேபுகளுடன் ஒப்பந்தம். ஒவ்வொரு லேபின் கம்ப்யூட்டருக்கும் வெளியார் வந்து கேட்க ஒரு வாசல் இருக்கிறது. அதற்கு ஏபிஐ என்று பெயர்.

"பதினோரு வாசலுக்கும் பதினோரு புரோகிராம் தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க ஆயா. ஒரு லேப்ல சாவிய மொதல்லயே காட்டணும். இன்னொண்ணுல தேதிய முன்னபின்ன மாத்தி எழுதணும். ஒருத்தன் எதையாவது மாத்துனா இங்க ஒண்ணு படுத்துக்குது. அதான் எல்லாத்துக்கும் பொதுவா ஒரே ஒரு கிளையன்ட் எழுதச் சொல்லியிருக்காங்க."

"கிளையன்ட்னா?"

"போயி கேட்டு வாங்கியாற ஆளுன்னு வச்சிக்கோயேன்."

"ஒரே ஆளு பதினோரு வூட்டுக்கும் போவானா?"

"போவான். எந்த வூடு, என்னா கேக்கணும், பதில எந்த வடிவத்துல கொண்டாரணும், இந்த மூணையும் நாம சொன்னா போதும். கதவத் தட்டுறது, சாவி காட்டுறது, பதிலு வரலைன்னா திரும்பக் கேக்கறது, அதெல்லாம் அவன் பாத்துக்குவான். நாளைக்குப் பன்னெண்டாவது லேப் வந்தாலும் இவனே போவான்."

"அவனாவது பர்மனென்டா?"

"உனக்குக் குசும்பு மட்டும் கொறையல ஆயா."

மூன்று மாதமும் நான் அந்த அறையில்தான் இருந்தேன். வேறு எங்கே போவது? கட்டிலில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் மேனேஜரிடம் போனில் பேசுவாள், தலையைப் பிடித்துக்கொள்வாள், திடீரென்று மேஜையைத் தட்டுவாள். நிஜ லேபைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பொய் லேப் ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தாள். அது கேட்டவுடன் பதில் சொல்லும். பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்பது, மொத்தம் மூன்று தடவை, அதற்கு மேல் கேட்பதில்லை என்று விதி வைத்திருந்தாள். அந்த விதி எல்லா வாசலுக்கும், எல்லாக் கேள்விக்கும் பொது. அதுதான் இதன் அழகு என்றாள். எனக்கு அழகு தெரியவில்லை. ஆனால் மகன் இறந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான் என்பது ஞாபகம் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை வேலையைக் கம்பெனியிடம் ஒப்படைத்தாள். திங்கள்கிழமை ரிவ்யூ. அதற்கு அடுத்து ஜனங்களுக்குத் திறந்துவிடுவார்கள். அதற்குள் நிஜ லேப் ஒன்றில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, எனக்குச் சர்க்கரை பார்க்கிற நாளும் வந்துவிட்டதால், என் பெயரிலேயே பதிந்தாள். கடைசியில் 'பதிவாகிவிட்டது' என்று வந்தது. அத்தோடு கம்ப்யூட்டரை மூடினாள்.

மறுநாள் விடியற்காலையில் அவள் வண்டி எடுத்துக்கொண்டு மேல்பட்டாம்பாக்கம் போனாள். என் மூத்த மகள் அங்கே இருக்கிறாள், அவளுக்கு மருந்து கொடுக்க. போகும்போது, "ஆளு வருவாங்க. ரத்தம் குடுத்துட்டுக் காபி குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறே முக்காலுக்கு ஓர் ஆள் வந்தார். போனில் என் பெயர், வயது, பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர் எல்லாம் காட்டினார். இடது கையில் எடுத்துக்கொண்டு போனார். நான் பால் அடுப்பில் வைத்தேன். பொங்குவதற்குள் ஸ்கூட்டர் சத்தம். ஒரு பெண், தோளில் பை.

"வெறும் வயித்துலதான இருக்கீங்க? சுகர் எடுக்கணும்" என்றாள். அவளும் போனைக் காட்டினாள். அதே பெயர், அதே குவார்ட்டர்ஸ். என் கையைப் பார்த்து, "இது இன்னாங்க பஞ்சு?" என்று கேட்டாள்.

"முன்னாடி ஒருத்தரு வந்து எடுத்தாரு."

"வேற லேபா இருக்கும்."

"இருக்கும்."

வலது கையை நீட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழரைக்கு மூன்றாவது ஆள். ஐம்பது வயது இருக்கும், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். என் இரண்டு கையையும் பார்த்தார்.

"இன்னா பெரிம்மா, ரெண்டு கையிலயும் பஞ்சு வச்சிக்கினு ஒக்காந்திருக்கீங்க?"

"உங்ககிட்டயும் என் பேரு இருக்குதா?"

"இருக்குதே. இதோ பாருங்க."

"அப்ப எடுங்க."

"வேணாம்னு சொல்லக் கூடாதா? நான் எங்கன்னு குத்துறது?"

"புறங்கையில பாருங்க. நரம்பு தெரியும்."

"காலைல யாரு மூஞ்சில முழிச்சீங்களோ!"

"உங்க ஆளுங்க மூஞ்சிலதான் முழிச்சிக்கினு இருக்கேன், ஆறே முக்காலுலேருந்து."

அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார்.  

பேத்தி பத்து மணிக்கு வந்தாள். நான் முறுக்கிய சேலை நுனியைப் புறங்கையில் அழுத்திக்கொண்டு இருந்தேன். அந்த இடம் நீலமாகத் தடித்திருந்தது.

"இன்னா ஆயா இது?"

"மூணு பேரு வந்தாங்க."

"மூணு பேரா? மூணு பேருக்கும் கைய நீட்டுனியா? உனக்கென்ன பைத்தியமா?"

"மூணு பேருகிட்டயும் என் பேரு இருந்துச்சி."

அவளுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரியும். ஆஸ்பத்திரியில் சில பேருக்கு இரண்டாம் தடவை எடுக்க வேண்டி வரும். ஏன், எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். "சீட்டு வந்திருக்கு இல்ல, கேள்வி கேக்காத, கைய நீட்டு" என்று நான்தான் சொல்வேன். இருபத்தாறு வருஷம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! என் முறை வந்தபோது மட்டும் கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"வலிக்கலயா?" என்று கேட்டாள்.

"தெரியல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வெகு நேரம் எதையோ மேலும் கீழும் தள்ளிப் படித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மொத தடவ கேட்டப்பவே பதிவாயிடிச்சி ஆயா. அவங்க கம்ப்யூட்டரு பதில் சொல்ல லேட்டு. என் கிளையன்ட்டு, பதில் வரலைன்னு நெனச்சி திரும்பவும் கேட்டுட்டான். அங்க அது புதுப் பதிவு, புது நம்பரு. மூணாவது தடவையும் அப்பிடியே. ரிப்போர்ட்டு வந்திச்சான்னு நூறு தடவ கேக்கலாம், ஒண்ணும் ஆவாது. ஆள அனுப்புன்னு ரெண்டாவது தடவ சொன்னா ரெண்டாவது ஆளு வரத்தான் செய்வான். எல்லாத்துக்கும் ஒரே விதின்னு வச்சது நான். லேப் மேல தப்பு இல்ல."

திங்கள்கிழமை ரிவ்யூ. அதற்கு ஒரு நாள்தான் நடுவில். அவள் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தாள்.

"என்னைத் தவிர யாரும் இன்னும் நிஜ லேப்ல பதியல. யாருக்கும் தெரியாது. ரிவ்யூ முடிஞ்சப்புறம் சத்தமில்லாம சரி பண்ணிடலாம்தான்." நின்றாள். "சொல்லவா, வேணாமா ஆயா?"

சொல்லாதே என்று நாக்கின் நுனி வரை வந்தது. இதை மறைக்க மாட்டேன். பர்மனென்ட் என்கிற வார்த்தை இந்த வீட்டுக்குள் வருவதைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. எதுவுமே உறைக்காத எனக்கு அது ஒன்று மட்டும் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது, "எனக்குத் தெரியல" என்றுதான் வந்தது.

அவள் மேனேஜருக்குப் போன் செய்தாள். நான் அவரைப் பார்த்ததில்லை, குரல் மட்டும் கேட்டேன்.

"யாருக்கு மூணு பேர் வந்தாங்க?"

"எங்க ஆயாவுக்கு சார்."

"மூணு தடவையும் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க சார். அவங்க குடுத்துட்டாங்க."

 பிறகு, "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். அதன் பிறகு, "இதைத் திங்கட்கிழமை நான் காட்ட முடியாதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சரி செய்ய அவளுக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இப்போது ஒவ்வொரு பதிவுக்கும், கேட்கப் போவதற்கு முன்னாலேயே இவளே ஒரு நம்பர் போட்டுவிடுகிறாள். மூன்று தடவை கேட்டாலும் அதே நம்பர்தான் போகும். பார்த்தவுடன், இது ஏற்கெனவே வந்ததுதான் என்று லேபுக்குத் தெரிந்துவிடும். அப்படி நம்பர் வாங்கிக்கொள்ளத் தெரியாத லேபுகளும் நான்கு இருக்கின்றனவாம். அங்கே கிளையன்ட் பதிவை இரண்டாம் தடவை சொல்வதே இல்லை. பதிவாகி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வரும். இப்போது பதினொரு வாசலிலும் அது நடமாடுகிறது. யார் வீட்டுக்கும் மூன்று பேர் போனதாகத் தகவல் இல்லை.

அந்த ரிவ்யூவில் வேறொருவருக்குப் பர்மனென்ட் எழுதினார்கள். இவளுக்கு வந்த கடிதத்தைச் சமையலறை வாசலில் நின்று படித்தாள்.

"ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன் ஆயா. கான்ட்ராக்ட்தான்."

"சரி. சாப்பிடு" என்றேன். தட்டு வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். எனக்கு வருத்தம் வர வேண்டும், வரவில்லை. சந்தோஷமும் இல்லை. அவள் முகத்தில் பயம் இல்லை என்று மட்டும் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் காகிதம் வாங்கிய அன்று என் முகமோ மகன் முகமோ அப்படி இருந்ததில்லை. அதைத்தான் எழுதி வைக்கச் சொன்னேன்.

கம்ப்யூட்டரில் தட்டி எழுதிக்கொண்டு வந்தவள், மேனேஜரோடு போனில் பேசிய இடம் வந்தபோது கொஞ்ச நேரம் தட்டாமல் இருந்தாள். நான் கவனித்தேன். நான் சொன்னதைத்தான் எழுதினாளா, தன் தப்பைக் கூட்டிவிட்டு என் நாக்கு நுனியில் வந்ததைக் குறைத்துவிட்டாளா, யார் கண்டது? எங்கே, முதலிலிருந்து படி கண்ணு. ஒரு வரி விடாமல் படி. கேட்கிறேன்.