எரித்துவிட்ட எட்டு வளையங்கள்

1. பம்ப்

"நானா, ஓடி வாங்க!"

அன்ரனின் குரல். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவான். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு ஓடினேன். ஹீற்றருக்கு எண்ணெய் தள்ளும் பம்பின் சீல் வெடித்து, கொதிக்கும் எண்ணெய் சீறித் தீப்பற்றியிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அவன் மணலை வாரிக் கொட்டி அடக்கிவிட்டான். முழங்கை வரை மயிர் பொசுங்கிப்போயிருந்தது.

"மீசை தப்பிட்டு நானா. இல்லாட்டி மனிசி வீட்டுக்குள்ள எடுக்க மாட்டாள்."

புத்தளத்துக் கடலேரியான களப்பின் ஓரத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலை அது. லொறிகளும் வள்ளங்களும் கழித்த எஞ்சின் ஒயிலைக் காய்ச்சிப் பிரிப்பது வேலை. நான் ஷிப்ட் போர்மன். கண்டக்குழி ஊரவனான அன்ரன் பொயிலரிலிருந்து ஹீற்றருக்கு மாறி ஒரு மாதம்தான்.

மறுநாளே மனேஜர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "அன்ரன் நெருப்பைக் கூட்டி வச்சிருக்கான். விசாரணைக்கு ஆள் வருது. அவனை வேலையால நிப்பாட்டத்தான் வேணும்."

2. கோக்

புதிதாக வருபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹீற்றருக்குள் வளைந்து வளைந்து ஓடும் குழாய்தான் கொயில். வெளியே நெருப்பு, உள்ளே கனத்த எண்ணெய். ஓடும்வரை பயமில்லை. நின்றால், சூட்டில் அதன் பெரிய மூலக்கூறுகள் உடையும். இலேசானவை ஆவியாகிப் போய்விடும். மிஞ்சியவை ஒன்றோடொன்று ஒட்டும். முதலில் தார். பிறகு அந்தத் தாருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்மணிகள் பிறந்து, ஒன்றையொன்று விழுங்கி, பரந்து, இறுகும். அதுதான் கோக். நிலக்கரித் தாரும் இந்த வழியாகத்தான் கல்லாகிறது. அதன்பின் எந்த எண்ணெயாலும் அதைக் கரைக்க முடியாது.

நெருப்பை அணைத்தாலும் உள்ளே கட்டிய செங்கல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அதனால்தான் அணைத்த பிறகும் பம்பை ஓடவிட்டு, டீசல் விட்டுக் கொயிலைக் கழுவி, அதற்குப் பிறகே நிறுத்துவது எங்கள் வழக்கம்.

"டீசல் என்ன, களப்புத் தண்ணியா?" என்று அன்ரன் வருவதற்கு முன்பே ஒருநாள் மனேஜர் கேட்டார். "நெருப்பு நிண்டா பம்பையும் நிப்பாட்டும். வீட்ட போம்."

"சேர், உள்ளுக்குச் சூடு இரிக்கி..."

"நெருப்புத் தெரியுதா உமக்கு? தெரியேல்லத்தானே?"

தெரியவில்லை. நிறுத்தினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கழுவாமலே நிறுத்தினேன்.

3. வளையங்கள்

விசாரணைக்கு முதல்நாள் கொயிலின் மூடியைக் கழற்றினோம். குழாயின் வாய் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. டோர்ச்சை அடித்தேன். மரத்தை அறுத்தால் தெரியும் வளையம்போல, கரிக்குள் கரி. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு படை, ஓர் அடுக்கு. எண்ணினேன். எட்டு. அன்ரன் வந்தபின் நிறுத்தியது ஒரே ஒரு தடவை. வழி அடைபட, அழுத்தம் ஏறி, சீல் போயிருக்கிறது.

அன்ரனும் எட்டிப் பார்த்தான். "நானா, ஏழு எனக்கு முந்தியது. நீங்க சொல்லுவீங்கதானே?"

"ஓம். நாளைக்குச் சொல்றன்."

பின்னேரம் மனேஜர் வந்தார். "இண்டைக்கே எரிச்சுத் துப்பரவாக்கும். வாற ஆக்களுக்கு ஊத்தையைக் காட்டுறதா?"

"சேர், நாளைக்குப் பாத்த பிறகு..."

"உமக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

நீராவி வால்வைத் திறந்தேன். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். உள்ளே கோக் பற்றிக்கொண்டது. இரும்பின் மேல் ஒரு செம்புள்ளி எழுந்து, குழாய் வழியே மெல்ல நகர்ந்து போனது. இவ்வளவு அழகான சிவப்பை நான் கண்டதில்லை. வால்வில் இருந்தது என் கை.

4. விசாரணை

"எட்டுப் படை இருந்தது. அன்ரனில பிழை இல்லை" என்றேன்.

வந்த பொறியியலாளர் கொயிலுக்குள் பார்த்தார். "சுத்தமா இருக்கே. எங்க அந்தப் படை?"

"எரிச்சாச்சு."

"எரிச்சது ஆரு?"

மனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான்."

வேலை போன அன்ரன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். வெளிவாசல் படலையடியில், "நாளைக்கு எண்டு ஏன் சொன்னீங்க நானா?" என்று மட்டும் கேட்டான். இப்போது மாம்புரிச் சந்தையில் என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறான்.

இளையவர்களே, டீசலால் கழுவாமல் பம்பை நிறுத்தாதீர்கள். இது எல்லோரும் சொல்வது. நான் சொல்வது வேறு: கொயிலை எரிக்கச் சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும், முதலில் உளியால் ஒரு துண்டு கோக்கைப் பெயர்த்து எடுங்கள். குழாய் இலக்கத்தை எழுதிப் பையில் கட்டுங்கள். இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வந்து வால்வைத் தொடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். அன்றைக்கு எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் இருந்தது.