பெரட்டுத் தப்பும் சீனத்து ஊசியும்

சடையண்ணன் எங்கே உட்கார்ந்தாலும் இடது கையைக் கீழே வைத்து அதன் மேல்தான் உட்காருவார். கோயில், கல்யாண வீடு, எங்கள் லயத்து வாசல், எங்கேயும் அப்படித்தான். "கோழி அடைகாக்குது" என்று சிரிப்பார்கள். அந்த வரிசை வீட்டில் அடுத்த காம்பராவில் இருந்து நான் பல வருஷமாக இதைப் பார்த்து வருகிறேன்.

கையை வெளியே எடுத்தால் அது ஆடும். மண்வெட்டி பிடித்தால் அடங்கும். மடியில் சும்மா வைத்தால் மாத்திரை உருட்டுவதுபோல விரல்கள் உருளத் தொடங்கும்.

"வேல செஞ்சா நிக்குது, சும்மா இருந்தா ஆடுது. தோட்டத்துத் தொரைக்குப் புடிச்ச வியாதி இது" என்பார் சடையண்ணன்.

அவர் மனைவி இராக்கம்மா மதினி தூளிக் கயிற்றை அந்தக் கையில் கட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். பிள்ளை நன்றாகத் தூங்கும்.

மடுல்சீமைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் தப்பு அடித்து, பேர் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆட்களைக் கூப்பிடுவது சடையண்ணன்தான். அந்தத் தப்புதான் அவருக்குப் பெருமை. பெரட்டுக்கு இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். சாவுக்கு இடைவெளியே இல்லாமல் அடிக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் சும்மா இருக்கும் இடது கை ஆடி, அதிலிருக்கும் குச்சி தோலில் படபடவென்று தட்டிவிடும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதால் எங்கள் காதும் பழகிப்போயிருந்தது.

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம், பனி கொட்டிய ஒரு காலையில் கை ஒரேயடியாக ஆடிவிட்டது. சாவுத் தப்பு என்று லயமே எழுந்தது. யார் என்று கேட்காமலே இராக்கம்மா மதினி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். மாசக்கணக்கில் படுத்திருந்த மொக்கையனாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் அவர் வாசலுக்கு ஓடினோம். மொக்கையன் கம்பளியோடு வெளியே வந்தார்.

"யாரு போய்ட்டா?"

எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"அடப்பாவிகளா, நானா?"

அன்றைக்குக் களத்தில் துரை மட்டும் நின்றுகொண்டிருந்தார். பெரிய கங்காணி கணபதி சடையண்ணனிடம் வந்தார்.

"சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். கை நிக்கலன்னா தப்பு வேற ஆளுக்குப் போயிரும்."

சடையண்ணன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை பசறையிலிருந்து சீனத்துத் துணிக்காரர் மூட்டையோடு வந்தார். கையைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி, மயிர்போல மெல்லிய ஊசிகளை எடுத்தார்.

"உள்ளே காத்து. வெளியே போகணும்" என்றார். கையில் குத்தினார், காலில் குத்தினார், உச்சந்தலையிலும் ஒன்று குத்தினார்.

"ஆடுறது கை. காலு என்னாங்க பாவம் பண்ணிச்சு?" என்றார் மதினி.

"பேசாத புள்ள, நிக்குது பாரு!" என்றார் சடையண்ணன்.

நின்றுதான் இருந்தது. ஊசிகளை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடியது. அதனால் சடையண்ணன் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அன்றிரவு லயத்திலேயே தங்க வைத்தார்.

சனிக்கிழமை விடியலில் முள்ளம்பன்றிபோல ஊசிகளோடு களத்தில் நின்று தப்பு அடித்தார். இடைவெளிகள் சுத்தமாக விழுந்தன. சீனர் தலையாட்டி ரசித்தாராம். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் புரண்டு படுத்தேன். லயமே புரண்டு படுத்தது.

வெயில் ஏறிய பிறகு பெரிய கங்காணி தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"ஏன்டா இன்னைக்கி அடிக்கல?"

"அடிச்சேனுங்க. நடுங்காம அடிச்சேன்."

"அது நீயா? பக்கத்துத் தோட்டத்து அடின்னுல்ல நெனச்சேன்!"

"நீங்களும் தூங்கிட்டீங்களா?"

களத்தில் அன்றும் தனியாக நின்ற துரை பக்கம் கங்காணி திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஊசியப் புடுங்குடா. ஆடுனா ஆடட்டும். இனிமே சாவுன்னா மொதல்ல சங்கு ஊதச் சொல்றேன். சங்கு கேக்கலன்னா பெரட்டு."

சீனர் இப்போதும் துணி கொண்டுவரும்போதெல்லாம் ஊசி குத்துகிறார். அன்று ஒரு பொழுது கை அடங்கியிருக்கிறது, மறுநாள் ஆடுகிறது. தப்பு சடையண்ணனிடம்தான் இருக்கிறது. மொக்கையனும் இருக்கிறார்.