என் மகள் பிரித்து வைத்த படங்கள்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. காது நன்றாகக் கேட்கும், சொன்னதெல்லாம் புரியும். பேச்சு மட்டும் வரவில்லை. ஆறு வயதிலிருந்து அவள் மடிக்கணினித் திரையில் படங்களைத் தொட்டுத்தான் பேசினாள். தண்ணீர் படத்தைத் தொட்டால் "தண்ணி வேணும்" என்று என் குரல் கேட்கும். அந்தக் குரல்களை எல்லாம் நான்தான் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தேன். படங்களும் பெரும்பாலும் நாங்கள் எடுத்தவையே: எங்கள் தட்டு, எங்கள் கட்டில், லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருமுனைக் கடை. ஆறு வருடங்களில் ஏறக்குறைய தொள்ளாயிரம் படங்கள் சேர்ந்திருந்தன.

போன வருடம் அந்தப் பழைய மடிக்கணினி நின்றுபோனது. நான் பதறவில்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. புதிய மடிக்கணினி வாங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழைய மென்பொருளை அந்த நிறுவனம் கைவிட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று விற்றார்கள். அது பழைய கோப்பைத் திறக்காது. அந்தக் கோப்பின் வகை அவர்களுக்கே உரியது என்பதால் வேறு எந்த மென்பொருளாலும் திறக்க முடியவில்லை. மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். அந்தப் பதிப்புக்கு இனி உதவி கிடையாது, புதிதாகத் தொடங்குங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

புதிதாகத் தொடங்குவதா? மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பிரிட்ஜ் முன்னால் நிறுத்துவாள். நான் பாலை எடுப்பேன், பழத்தை எடுப்பேன். அதெல்லாம் இல்லை. கடைசியில் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். அந்தப் பழக்கம் விட்டுப்போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

பிரேசர் டவுனில் என் கணவர் பிரிண்டருக்கு மை வாங்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் கணினியும் பழுதுபார்ப்பார். நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்தார்.

"ஒண்ணும் யோசன பண்ணாதீங்க மேடம். ஒரிஜினல் பத்திரமா இருக்கு. இது மேல ஒரு கை பாப்போம்."

நகலின் பெயரில் கடைசி எழுத்துகளை அழித்துவிட்டு, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொட்டலத்துக்கு வைக்கும் 'ஜிப்' என்று மாற்றினார். சொடுக்கினார். உள்ளே இருந்து ஒரு ஃபோல்டர் விரிந்தது. முதலில் கண்ணில் பட்டது எங்கள் வீட்டுச் சிவப்பு வாளி. கடையில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அர்ரே, அழாதீங்க மேடம். படம் எல்லாம் இருக்கு, வாய்ஸும் இருக்கு. ஆனா எல்லாத்துக்கும் வெறும் நம்பர்தான் பேரு. எந்தப் படத்துக்கு எந்த வாய்ஸ், எது எந்தப் பக்கத்துல இருந்துச்சு, அது மட்டும் என்னால படிக்க முடியல. நீங்கதான் சேக்கணும்."

மகளுக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் இலவச மென்பொருள் ஒன்றைச் சொன்னார். அதில் மர்மமான கோப்பு எதுவும் கிடையாது. சாதாரண ஃபோல்டர்தான் ஒரு பக்கம். படத்துக்கும் குரலுக்கும் ஒரே பெயர் வைத்தால் போதும், இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

அலுவலகத்தில் ஒரு வாரம் லீவு போட்டேன். குரலைக் கேட்டுக் கேட்டுப் பெயரை மாற்றினேன். பிறகு சாப்பாடு, ஆட்கள், இடங்கள், துணி என்று ஃபோல்டர்கள் போட்டுப் படங்களைப் பிரிக்க ஆரம்பித்தேன். பழையதிலும் அப்படித்தான் வைத்திருந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தயிர்சாதத்தைச் சாப்பாட்டில் போட்டேன். அவள் விரலால் அதை வெளியே இழுத்தாள். திரும்பப் போட்டேன். திரும்ப இழுத்தாள். மூன்றாவது தடவை, "கைய எடு, அம்மா வேல பண்றேன்ல!" என்று கத்திவிட்டேன்.

என் கணவர் உள்ளே வந்தார். "இரு, திட்டாத. அவ எங்க கொண்டுபோறான்னு பாரேன்."

பெயரில்லாமல் ஒரு காலி ஃபோல்டரைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். அவள் தயிர்சாதத்தை அதில் போட்டாள். பிறகு அப்பா படம். பிறகு பால்கனி, பாய், கிரிக்கெட் மட்டை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சட்டென்று எனக்கு விளங்கியது.

"ஞாயித்துக்கிழமையாடி?"

அவள் கைதட்டிச் சிரித்தாள். ஞாயிறு மதியம் அப்பா பால்கனியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு மேட்ச் பார்ப்பார். அன்றைக்குத்தான் அவள் தயிர்சாதத்தை அடம்பிடிக்காமல் சாப்பிடுவாள்.

அதன்பிறகு நான் ஃபோல்டர்களைத் திறந்து கொடுக்கும் வேலையை மட்டும் செய்தேன். சீருடை, இட்லி, சீப்பு, பள்ளி வேன் எல்லாம் ஒன்றாகப் போயின. தேவாலயம், மல்லிகை, கேக், அவளுக்குப் பிடிக்காத இறுக்கமான ஷூ இன்னொன்றில். நாங்கள் பொருள்களை வகை பிரித்து வைத்திருந்தோம். அவள் மனதில் அவை நாள்களாகவும் பொழுதுகளாகவும் இருந்திருக்கின்றன. ஆறு வருடமாக ஒவ்வொரு சொல்லையும் எங்கள் ஒழுங்கில் தேடியிருக்கிறாள். நினைக்கவே வெட்கமாக இருந்தது. சிவப்பு வாளி, நீலக் குடை, பக்கத்து வீட்டு நாய், மாடிப்படி என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அது என்ன என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள். அதற்குப் பெயர் வைக்காமலே விட்டுவிட்டோம்.

இரண்டே மாதத்தில் அவள் இரண்டு மூன்று படங்களைச் சேர்த்துத் தொட ஆரம்பித்தாள். தெரபிஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "இவ்ளோ ஃபாஸ்ட்டா இவ தேடி நான் பாத்ததே இல்ல" என்றார்.

போன வாரம் மல்லேஸ்வரத்தில் பல் டாக்டரிடம் போயிருந்தோம். அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள், மடிக்கணினி அவள் மடியில். டாக்டர் என்னிடம் பேசிக்கொண்டே பல்லைச் சுத்தம் செய்தார். அவள் விரல் திரையில் இரண்டு இடத்தைத் தொட்டது.

"வலிக்குது. நிறுத்து." என் குரல்தான், ஆறு வருடத்துக்கு முந்தைய குரல்.

டாக்டர் கையை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. அவள் பக்கம் குனிந்து, "சரிம்மா, நிறுத்திட்டேன். எந்தப் பக்கம் வலிக்குது, சொல்லு" என்றார்.

அவள் மறுபடி திரையில் தேடத் தொடங்கினாள். அவர் காத்திருந்தார்.