எலியைத் தூங்க வைத்த வேரும் எட்டுப் பேர் எழுதிய கட்டுரையும்

மூளைக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு வேர் தோண்டிக் கொடுக்கிற தொழிலில் முதலில் தேய்வது மண்வெட்டி, அடுத்தது பொறுமை. நீங்களும் பெரிய படிப்புக்காரர் யாரிடமாவது வேலை பார்த்திருந்தால், நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எலிக்கு வைத்தியம்

வலிப்பு வந்தால் எங்கள் மலையில், அரியூர் நாட்டுப் பக்கம், ஓடைக்கரை வேர் ஒன்றைக் கொடுப்பார்கள். அது மூளைக்குள் என்ன செய்கிறது, தூக்கம் வர வைக்கிறதா என்று எலிக்குக் கொடுத்துப் பார்க்க, அடிவாரத்துக் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்தார். வேரைத் தோண்டி, கழுவி, காயவைத்து, படிவம் நிரப்பி, பஸ்ஸில் ஏற்றிவிடுவது என் வேலை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே செய்யலாம் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

முதல் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்து வீட்டு அக்கா விசாரித்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கூட்டு எலி மரவள்ளிக் கிழங்க இழுத்துட்டுப் போகுது. அதுக்குத் தூக்கம் வருதான்னு நீ ஒரு நாளாச்சும் கேட்டிருப்பியா புள்ள?" என்றார்.

பேர் போட்ட காகிதம்

அந்த மூட்டை வேரைத் தின்ற எலிகள் சொன்ன பேச்சுக் கேட்டுப் படுத்துவிட்டனவாம். மேடம் அதைக் கட்டுரையாக எழுதி, அச்சானதும் ஒரு படி கொண்டுவந்து கொடுத்தார். தலைப்புக்குக் கீழே எட்டுப் பேர். ஒருவர் துறைத் தலைவர். ஒருவர் மெஷின் இரவல் கொடுத்தவர். ஒருவர் பாதியில் வெளிநாடு போனவர். மற்றவர்கள் யாரென்று கேட்டேன். மேடமும் கொஞ்சம் யோசித்தார். எட்டுப் பேரில், எங்கள் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் ஒன்றையாவது ஏறியவர் மேடம் மட்டும்தான். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'உள்ளூர் உதவியாளருக்கு நன்றி' என்று இருந்தது. அது நான்.

வீட்டுக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்துக்கு வராதவங்க பேரெல்லாம் போட்டுட்டு, பொண்ணு பேர உட்டுட்டாங்க."

திட்டினாலும் சேரும்

மேடத்தின் போனில் ஒரு பக்கம் உண்டு. அவர் கட்டுரையை வேறு எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துக் காட்டினார்கள் என்று அதில் எண் வரும். கரண்டு கம்பத்தில் ஏறி நின்றாவது சிக்னல் பிடித்துப் பார்த்துவிடுவார் போலிருந்தது. பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வரப் போகிறது, இந்த ஒரு கட்டுரையை நம்பித்தான் போகிறார். பதவி கிடைத்தால்தான் என் வேலையும் நீளும்.

எண் ஏறிக்கொண்டே போனது. எடுத்துக் காட்டியவர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "எங்க எலி தூங்கவே இல்லை, ஓடிட்டே இருக்குன்னு எழுதறாங்க" என்றார் மேடம். அதுவும் எண்ணிக்கையில் வருமா என்றேன். "வருமுங்க கண்ணு. ஏன் எடுத்தாங்கன்னு யாரும் பாக்கறதில்ல, எத்தனைன்னுதான் பாப்பாங்க."

நிழல்

சிரித்துவிட்டேனே ஒழிய, எங்கே தப்பு நடந்தது என்று அன்றைக்கே எனக்குப் பிடிபட்டுவிட்டது. முதல் மூட்டை தோண்டிய வாரம் மலை முழுக்க விடாத மழை. வேரில் பூஞ்சை பிடித்தது. எங்கள் வழக்கப்படி, விதைச் சோளக் கதிர் தொங்குகிற இடத்தில், அடுப்புக்கு மேல் பரணில் போட்டேன். பதினைந்து நாள் புகை குடித்துக் காய்ந்தது. படிவத்தில் 'வெயிலா, நிழலா' என்று கேட்டிருந்தார்கள். வீட்டுக்குள் ஏது வெயில்? 'நிழல்' என்று டிக் அடித்தேன். மற்ற ஊர் ஆராய்ச்சிக்காரர்கள் என் டிக்கை நம்பி, நிஜமான நிழலில் காயவைத்த வேரைக் கொடுத்து, ஓடுகிற எலிகளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

சொன்னால் மேடத்துக்குப் பதவி கிடைக்காது, என் வேலையும் போகும். பேசாமல் இருந்துவிடலாம் என்றால், அடுத்து இந்த வேரை வலிப்பு வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதாகப் பேச்சு. என் இடுப்பிலும் ஒரு பிள்ளை. நேர்காணலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேடம் மலைக்கு வந்தார்; டீ கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் எழுந்துபோய்ப் பரணை அண்ணாந்து பார்த்து, கரியை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"அடுப்புல என்ன விறகுங்க எரிச்சீங்க?"

நேர்காணல்

பிள்ளைகளுக்குக் கொடுக்கிற திட்டத்தை அன்றைக்கே நிறுத்தினார். முதல் கட்டுரையில் தப்பு இருக்கிறது, வேர் புகையில் காய்ந்தது, எலியைத் தூங்க வைத்தது புகையாகவும் இருக்கலாம் என்று திருத்தம் எழுதி அதே பத்திரிகைக்கு அனுப்பினார். கையெழுத்துக் கேட்டபோது துறைத் தலைவர் உட்பட ஏழு பேரும் தங்களுக்கு அந்த வேரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கினார்கள். முதல் தடவையாக உண்மை பேசினார்கள். திருத்தம் நேர்காணலுக்கு முன்பே மேடம் பேரிலும் என் பேரிலும் வந்தது.

பதவி கிடைக்காது என்று முடிவுகட்டி, நேர்காணல் அன்றைக்குப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மேடம் கூப்பிட்டார். பதவி கிடைத்துவிட்டதாம். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. திருத்தத்தைப் பற்றிக் கேட்டார்களா என்றேன். நேர்காணல் எடுத்தவர்களில் ஒரு பெரியவர், மேடத்தின் கட்டுரைப் பட்டியலைப் பார்த்து இதை மட்டும்தான் சொன்னாராம்:

"போன மாசத்துக்கு இப்ப ஒரு கட்டுரை கூடியிருக்கே, சந்தோசமுங்க."

ஆக, இந்தத் தொழிலில் உண்மையைத் தாராளமாக எழுதலாம், படித்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் வேண்டாம்.